தானாக வந்த யன்னல்

எங்கள் பாடசாலையின் கணினி அறையில் அப்போது பதினொரு கணினிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுதான் கணினி. மற்றைய பத்தும் எங்கோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. பாடசாலையின் பொருட்பதிவேட்டில் மட்டும் கணினிகளாக வாழ்ந்துகொண்டிருந்தவை. 128 மெகாபைட் நினைவகம். பெரிய வயிறு கொண்ட பழைய திரைகள். ஒரு கடிதம் தட்டச்சுச் செய்யும் மென்பொருளைத் திறக்கச் சொன்னால், திறப்பதற்குள் பாடவேளை மணி அடித்துவிடும்.

2014 ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் அந்த ஒரு நல்ல கணினி வந்து சேர்ந்தது. அதில் யார் உட்காருவது என்று நாங்கள் யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் சில நாட்களில் அதுவாகவே ஒரு சட்டம் உருவாகிவிட்டது. கடைக்காரரின் மகன், வெளிநாட்டில் வாப்பா உள்ள பிள்ளை, ஆசிரியர் ஒருவரின் மகள் - இவர்கள் புதியதில். மற்றவர்கள் பழையவற்றில். யன்னலோரத்து ஏழாம் இலக்கக் கணினியில் தரம் பத்துப் படிக்கும் ஒரு பிள்ளை வழக்கமாக உட்கார்ந்திருப்பாள். உம்மா இடியப்பம் அவித்து விற்பவர். திரையின் நிறம் பச்சையாக வெளிறிப்போன கணினி அது. அவள் அதைப்பற்றி ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. பெயரை எழுதவில்லை, அவள் இப்போது ஒரு குடும்பத்தின் தாய்.

ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்றது தமிழ். கணினி என் தலையில் விழுந்தது, சில வாரப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த ஒரே ஆசிரியர் நான் என்பதால். ஆனால் அந்தப் பத்துக் கணினிகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. மார்ச் மாதத்தில், பழைய லினக்ஸ் புத்தகமொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் கண் நின்றது. ஒரு கணினியில் உட்கார்ந்து, டெர்மினல் எனும் எழுத்துத் திரை வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைந்து, அங்குள்ள மென்பொருளை அங்கேயே ஓடவிட்டு, அதன் யன்னலை மட்டும் இங்கே நம் திரையில் திறக்கலாம் என்றது அந்தப் பக்கம்.

பாடசாலை விட்ட பின் மூன்று நாட்கள் அதனோடு மல்லுக்கட்டினேன். பரிசோதனைக்கு எடுத்தது ஏழாம் இலக்கத்தை. சுவிட்சிலிருந்து வரும் வயர் அதற்குத்தான் ஒழுங்காக இருந்தது. நான் செய்த காரியங்கள் மூன்று. முதலாவது, வெளியிலிருந்து வலையமைப்பு வழியாக வரும் யன்னல்களை ஏற்கும்படி ஏழாம் கணினியின் அமைப்பை மாற்றினேன். இரண்டாவது, எக்ஸ்ஹோஸ்ட் என்ற கட்டளையோடு ஒரு சக அடையாளம் போட்டு, அது கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடும்படி வைத்தேன். அந்தச் சக அடையாளத்தின் பொருள், 'யார் வந்தாலும் விடு' என்பதாகும். மூன்றாவது, நல்ல கணினியில் என் கணக்கின் தொடக்கக் கோப்பில் டிஸ்பிளே என்ற மாறிக்கு ஏழாம் கணினியின் முகவரியைக் கொடுத்து ஒரு வரி எழுதினேன். டிஸ்பிளே என்பது, 'யன்னலை எந்தத் திரையில் திறப்பது' என்று மென்பொருளுக்குச் சொல்லும் முகவரி.

மூன்றாம் நாள் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம், அந்தப் பச்சைத் திரையில் லிப்ரே ஒபிஸ் திறந்தது. மணி அடிக்கும்வரை காத்திருக்காமல், சில நொடிகளில். தனியாக இருந்த நான் சத்தமாகவே சிரித்தேன்.

இந்த மூன்று காரியங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் மறந்துவிட்டேன்.

அன்றிரவே கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவரோடு தொலைபேசியில் பேசினேன். என் மகிழ்ச்சியைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சேர், வேலை செய்யும். ஆனா கதவத் திறந்து போட்டுட்டுப் படுத்திரிக்கீங்க."

எனக்கு அடிப்படையே குழப்பமாக இருந்தது. எது சேவர், எது கிளையன்ட்? தூரத்தில் இருக்கும் பெரிய கணினிதானே சேவராக இருக்க வேண்டும்?

"தலகீழா யோசிங்க சேர். உங்கட முன்னால இரிக்கிற திரைதான் சேவர். அங்கால ஓடுற புரோகிராம்தான் கிளையன்ட்."

அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் எடுத்தது. விளக்கியது எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. ஊரில் ஒரு மௌத் என்றால், காணாமற்போன ஆடு என்றால், மின்வெட்டு என்றால், செய்தி உடையவர் பள்ளிக்கு வந்து 'இதை அறிவியுங்கள்' என்று கேட்கிறார். ஒலிபெருக்கி அவருக்குச் சேவை செய்கிறது. ஊருக்குக் கேட்பது பள்ளியின் குரல். செய்தியோ வேறெங்கோ உள்ள வீட்டுடையது. எக்ஸ் என்ற இந்த யன்னல் முறையிலும் அப்படித்தான். திரையும் விசைப்பலகையும் சுட்டியும் இருக்கும் இடம் சேவை வழங்குகிறது. மென்பொருள் எங்கிருந்தோ வந்து, 'இங்கே ஒரு கோடு போடு, இங்கே இந்த எழுத்தை எழுது, யாராவது இங்கே அழுத்தினால் எனக்குச் சொல்' என்று கேட்கிறது. சக அடையாளம் போட்டு எல்லோரையும் உள்ளே விடுவது, பள்ளிவாசலின் ஒலிவாங்கியைத் திறந்துவைத்து, கதவையும் பூட்டாமல் போவது போன்றது.

இந்த முறை 1984 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பிறந்தது. வெவ்வேறு கம்பனிகள் செய்த கணினிகளையெல்லாம் ஒரே வளாகத்தில் மாணவருக்குப் பொதுவாக்க முயன்ற அதீனா என்ற திட்டத்தின் தேவையை ஒட்டி, பொப் ஷைஃப்ளர், ஜிம் கெற்றிஸ் முதலியோர் உருவாக்கினார்கள். டபிள்யூ என்ற முன்னைய யன்னல் முறையிலிருந்து கிளைத்ததால், அடுத்த எழுத்தான எக்ஸ் பெயராயிற்று. அதன் பதினோராவது பதிப்பு 1987 இல் வந்தது. பின்னர் நிலைத்ததும் அதுதான். ஒரு மாணவன் எந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாலும் நல்ல இயந்திரத்தின் பயனைப் பெறவேண்டும் என்ற எண்ணம், எங்கள் கிராமத்துப் பாடசாலைக்கு முப்பது வருடம் பிந்தி வந்து சேர்ந்தது.

கதவைப் பூட்டும் வழியையும் கட்டார் மாணவரே சொல்லித் தந்தார். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வலையமைப்பில் ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடிய சம்பவம் ஒன்று நடந்தது. அதன் பின் டாட்டு யுலோனன் என்பவர் எழுதியது எஸ்.எஸ்.எச். என்ற மென்பொருள். 1999 முதல் ஓப்பின் எஸ்.எஸ்.எச். என்ற திறந்த வடிவம் எல்லோருக்கும் கிடைத்தது. எஸ்.எஸ்.எச். என்று அடித்து, சிறு கோடொன்றும் பெரிய எக்ஸ் எழுத்தும் சேர்த்து, மற்றக் கணினிக்குள் நுழைந்தால் போதும். யன்னலுக்கான போக்குவரத்து முழுவதும் அந்த மறைகுறிச் சுரங்கத்தினூடாகவே வரும். டிஸ்பிளே முகவரியையும் அதுவே போட்டுக்கொள்ளும். இன்னொரு நுட்பமும் உண்டு. திரையைத் திறக்கும் உண்மையான சாவியைத் தூரத்துக் கணினிக்கு அது கொடுப்பதில்லை. ஒரு போலிச் சாவியைக் கொடுக்கிறது. அந்தச் சாவியோடு வரும் கோரிக்கையை வாசலில் நிறுத்திச் சரிபார்த்து, அங்கே வைத்து உண்மைச் சாவியை மாற்றி உள்ளே விடுகிறது. எங்கள் மூத்தம்மாமார் அயல்வீட்டாருக்கு அலுமாரிச் சாவியைக் கொடாமல், வேண்டியதைத் தாமே எடுத்துக்கொடுப்பார்களே, அந்த மாதிரி.

பத்துக் கணினிகளுக்கும் பத்துக் கணக்குகள் திறந்தேன். ஒரே கணக்கில் எல்லோரும் நுழைந்தால் ஒருவரின் கடிதம் மற்றவரின் திரையில் திறக்கக்கூடும் என்று மாணவர் முன்பே எச்சரித்திருந்தார். சுரங்க வழி போட்டபின் மேலே சொன்ன பழைய ஏற்பாடுகளுக்கு அவசியம் இல்லை. அழித்திருக்க வேண்டும். அறை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது; கைவைக்க மனம் வரவில்லை.

அந்த வருடம் எங்கள் அறையில் ஒரு சிறிய நீதி நிலவியது என்று சொல்வேன். எந்தக் கதிரையில் உட்கார்ந்தாலும் அதே மென்பொருள், ஏறக்குறைய அதே வேகம். சுட்டியின் அசைவு வயரினூடாகப் போய், 'இதை வரை' என்ற கட்டளை திரும்பி வரவேண்டும். ஓர் அறைக்குள் அது கண்ணுக்குத் தெரியாத நேரம். கட்டாருக்கும் எங்களுக்கும் இடையே இதே வித்தையை ஒருமுறை முயன்றபோது, ஒரு பட்டியலைத் திறப்பதற்குள் பிளேன்டீ ஆறிப்போனது. ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் கேள்வியும் பதிலும் கடல் கடந்து போய்வர வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் அறைக்கு அந்தக் குறை இல்லை. ஏழாம் இலக்கத்துப் பிள்ளை அந்தப் பச்சைத் திரையில் தமிழ்த் தட்டச்சைப் பழகி, புதிய கணினிக்காரர்களை முந்திவிட்டாள்.

நவம்பர் மாதம். மாரி மழை கூரைத்தகட்டில் அறைந்துகொண்டிருந்தது. மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து நாட்கள். தரம் பத்துத் தமிழ் வினாத்தாளை நான்தான் தயாரித்து, நல்ல கணினியில் என் கணக்கில் வைத்திருந்தேன். அன்று அந்தக் கணினியில் பிரதி அதிபர் ஏதோ அவசரக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்காக ஆறேழு பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். வழக்கமாக நான் நல்ல கணினியிலேயே உட்கார்ந்து வேலை செய்பவன். அன்றைக்கு, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த வழியில் நானே போவோம் என்று இரண்டாம் இலக்கத்தில் அமர்ந்து, டெர்மினலில் என் கணக்குக்குள் நுழைந்து, வினாத்தாளைத் திறக்கக் கட்டளை அடித்தேன்.

ஒன்றும் வரவில்லை. மழையில் வயர் நனைந்ததோ என்று எண்ணினேன். மறுபடியும் அடித்தேன். ஒன்றுமில்லை. சுவிட்சைப் பார்க்க எழுந்து போகும்போது ஏழாம் இலக்கத்தைக் கடந்தேன்.

அந்தப் பிள்ளை தன் கொப்பியை விரித்துத் திரையின்மேல் சாத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். கொப்பியின் விளிம்புக்கு மேலே என் வினாத்தாளின் தலைப்பு தெரிந்தது.

"எடு கையை."

எடுத்தாள். பகுதி இரண்டு, கட்டுரை வினாக்கள், எல்லாம் அங்கே இருந்தன.

"உனக்கு யார் என்ட பாஸ்வேர்டத் தந்த?"

"நான் எடுக்கல்ல சேர். அது தானா வந்த."

தானாக வந்ததாம். அறையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் ஒரு விதமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மூன்றுமுறை அதே கேள்வியைக் கேட்டேன்; மூன்றுமுறையும் அவள் அதே பதிலைச் சொன்னாள். மூன்றாவது முறை குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. விடயம் அதிபரிடம் போயிற்று. மறுநாள் உம்மா வந்து அலுவலக வாசலில் நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. "எங்கட புள்ள களவெடுக்காது சேர்" என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை கணினி அறைக்கு வரக்கூடாது என்று முடிவாயிற்று. நான் புதிய வினாத்தாள் தயாரித்தேன். பரீட்சையின்போது அவளுடைய மேசையை ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

தமிழில் அவள் 81 புள்ளிகள் எடுத்தாள், புதிய வினாத்தாளில். அதுகூட என் கண்ணைத் திறக்கவில்லை.

பரீட்சை முடிந்த பின் ஒருநாள், புள்ளிப் பட்டியல் அடிப்பதற்காக மறுபடியும் இரண்டாம் இலக்கத்தில் உட்கார்ந்து, அதேபோல நுழைந்தேன். யன்னல் வரவில்லை. அறையில் வேறு யாருமில்லை. ஏதோ ஒன்று பிடரியில் பிடித்துத் திருப்பியதுபோல, திரும்பிப் பார்த்தேன். யன்னலோரத்தில், காலியான கதிரைக்கு முன்னால், அந்தப் பச்சைத் திரையில், என் புள்ளிப் பட்டியல் திறந்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

கட்டார் மாணவரை அழைத்தேன். அவர் கேட்ட முதலாவது கேள்வி: "சேர், உங்கட கணக்கிட தொடக்கக் கோப்புல டிஸ்பிளே எண்டு என்னவும் எழுதி வெச்சிரிக்கீங்களா?"

இருந்தது. மார்ச் மாதத்தில் என் கையாலேயே எழுதிய வரி. எஸ்.எஸ்.எச். சரியான முகவரியைப் போட்டுத் தந்தாலும், அதன் பின் ஓடும் தொடக்கக் கோப்பிலுள்ள என் வரி அதை அழித்து, ஏழாம் கணினியின் முகவரியை எழுதிவிடுகிறது. ஏழாம் கணினியோ யார் வந்தாலும் விடும்படி என்னாலேயே பணிக்கப்பட்டிருக்கிறது. நல்ல கணினியில் நேரடியாக உட்கார்ந்து பட்டியல் வழியாகத் திறக்கும்போது அந்தக் கோப்புக்கு வேலையில்லை. ஆகவே எட்டு மாதமாக அது எனக்குத் தெரியவரவில்லை. நான் இரண்டாம் இலக்கத்திலிருந்து அடித்த கட்டளை ஒவ்வொன்றும் அவள் முகத்துக்கு முன்னால் போய்த் திறந்திருக்கிறது.

அது தானாகத்தான் வந்தது. தலைப்பைக் கண்டதும், மேலே படிக்கக்கூடாது என்று அவள் கொப்பியை எடுத்து மறைத்திருக்கிறாள். யன்னலை மூடவும் பயம். சேருடைய பொருள், அழிந்துவிட்டால்? அமானிதத்தைப் பேணிய கைகளைத்தான் நான் களவெடுத்த கைகள் என்று வாசித்தேன்.

தொழில்நுட்பத் தவறு என்று சொல்லித் தப்பிவிடலாம். இரண்டு நாட்கள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். ஆனால் அந்தக் கதிரையில் கடைக்காரரின் மகன் இருந்திருந்தால் என் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும்? 'என்ன மகன் நடந்தது?' என்பதாகத்தான் இருந்திருக்கும். அவளிடம் நான் அப்படிக் கேட்கவில்லை. பாஸ்வேர்டைத் தந்தது யார் என்று கேட்டேன். களவு நடந்தது என்பதை முடிவெடுத்துவிட்டு, விவரத்தை மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியை எனக்கு எந்தக் கணினியும் எழுதித் தரவில்லை.

மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உம்மா பிளேன்டீ தந்தார். பிள்ளை கதவு மறைவில் நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன், என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். உம்மா, "பரவாயில்ல சேர், அல்லாஹ் பொறுத்துக்குவான்" என்றார். மூலையில் பாய் பின்னிக்கொண்டிருந்த மூத்தம்மா மட்டும் கையை நிறுத்தாமல் சொன்னார்:

"ஏசின இடத்துல சொன்னாத்தான் மகன், அது சொன்னதாகும்."

விடுமுறை முடிந்து 2015 ஜனவரியில் பாடசாலை தொடங்கிய முதல் கிழமை, அதே அறையில், அன்று சிரித்த பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, அதிபரும் பார்த்திருக்கச் சொன்னேன். குற்றம் என்னுடையது என்றேன். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"சேர், அப்ப அது என்னெண்டு என்ட கொம்பியூட்டருக்கு வந்த?"

மன்னிப்பைவிட விளக்கம் அவளுக்கு வேண்டியிருந்தது. அவளையே இரண்டாம் இலக்கத்தில் உட்காரவைத்து, கட்டளையை அடிக்கச் சொன்னேன். எல்லோரும் ஏழாம் இலக்கத்தைச் சுற்றி நின்றார்கள். யாருமில்லாத கதிரைக்கு முன்னால் யன்னல் திறந்தது. "யா அல்லாஹ்" என்று ஒரு பையன் கத்தினான். பள்ளிவாசல் ஒலிபெருக்கிக் கதையை அன்றுதான் முதன்முதலில் வகுப்பில் சொன்னேன். திரையில் தெரிவதற்கும் திரைக்கு முன்னால் இருப்பவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதை அவர்கள் என்னைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பின் 2019 வந்தது. ஏப்ரல் 21 இன் கொடூரத்துக்குப் பிறகு, வீட்டில் என்ன புத்தகம் இருக்கிறது, எந்த எழுத்தில் இருக்கிறது என்பதை வைத்து மனிதர் அளக்கப்பட்ட மாதங்கள். உடையில் அச்சிட்டிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று கருதி ஒரு பெண் கைதான செய்தியை அந்த மே மாதத்தில் வாசித்தோம். எங்களிடம் யாரும் 'என்ன நடந்தது?' என்று கேட்கவில்லையே என்று ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் மனம் வெதும்பிப் பேசினார்கள். நானும் பேசினேன். பேசும்போது, ஒரு கொப்பியை அழுத்திப் பிடித்த இரண்டு கைகள் ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அந்தப் பத்துக் கணினிகளும் இல்லை. லினக்ஸ் உலகிலும் 2008 இல் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய முறை பெரும்பாலான இடங்களில் எக்ஸின் கதிரையில் அமர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய மென்பொருள்களுக்காக அதற்குள்ளும் ஒரு எக்ஸ் வாழ்கிறது. அந்தச் சிறு கோடும் பெரிய எக்ஸும் இன்றும் வேலை செய்கின்றன. புதிய கணினி வரும்போதெல்லாம் என் தொடக்கக் கோப்பைப் பிரதிசெய்து கொண்டுபோகிறேன்.

அன்று, அந்தப் பழைய வரியை அழிக்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன். அழித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சதுரக் குறியைப் போட்டு ஏதோ அடித்தாள். அந்தக் குறியோடு தொடங்கும் வரியைக் கணினி வாசிக்காது; மனிதர் வாசிப்பதற்காக மட்டும் எழுதப்படுவது. நல்ல தமிழில், பிழையில்லாமல், அவள் அடித்தது இவ்வளவுதான்:

'இந்த இடத்தில் இருந்த வரி சேருடையது.'